காளை வெல்டரும் இரண்டாவது மீட்டரும்

அந்தப் பட்டறையில் குழாய் வெல்டிங் செய்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு எஃகு முத்திரை இருக்கும். சுண்டுவிரல் நீளம், நுனியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். இரண்டு குழாய்களை ஒட்டி முடித்ததும் ஒட்டுக்குப் பக்கத்தில் முத்திரையை நிறுத்திச் சுத்தியலால் ஒரு போடு. அந்தக் குழாய் எந்த ஆலைக்குப் போனாலும், எத்தனை வருஷம் கழித்து ஒழுகினாலும், அது யார் கை வேலை என்று தெரிந்துவிடும். நம் வெல்டர் இத்தனை வருஷமாக அடித்த முத்திரைகளில் ஒன்றுகூட அவரைத் தேடித் திரும்பி வந்ததில்லை.

ஐம்பதை நெருங்குகிற வயது. ஒல்லியான ஆள். பேச்சில் தாராளம். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரையே ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நிற்பார் என்று மனைவி சொல்வாள். ஆனால் முகமூடியை இறக்கிவிட்டால் வேறு மனிதர். ஆர்கான் வெல்டிங்கில், கையில் பிடிக்கும் டார்ச்சிலிருந்து நீளும் டங்ஸ்டன் ஊசியின் முனை, உருகிக் குழம்பாக நிற்கும் எஃகுக்கு ஓர் அரிசி உயரத்தில் மிதக்கவேண்டும். தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ஊசியின் துணுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது; எக்ஸ்ரே ஃபிலிமில் வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். அவர் ஃபிலிம்கள் மழை பெய்து ஓய்ந்த தார்ச் சாலை மாதிரி சுத்தமாக இருக்கும்.

மனைவி வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருந்தாள். புதிதாகத் தைப்பது குறைவு; பிடிப்பதும் பிரிப்பதும்தான் பிழைப்பு. இடுப்பைச் சுருக்குவது, கையை ஏற்றுவது, ஜிப் மாற்றுவது. தெருவில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சு விடமாட்டாள்.

வினை ஒரு வேன் வடிவில் வந்தது. தொழிலாளர் நலம் என்று சொல்லி நிர்வாகம் ஒரு பரிசோதனைக் கூடத்தின் வேனைக் காலையிலேயே வாசலில் நிறுத்தி, எல்லோரிடமும் ரத்தம் எடுக்கச் சொன்னது. சர்க்கரை, கொழுப்பு, கூடவே ஆண்களுக்கான சலுகையாக டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண்மை ஹார்மோன். முதல் இரண்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சு.

மறுநாள் தேநீர் இடைவேளையில் எல்லோர் போன்களும் ஒரே நேரத்தில் முனகின.

"எனக்கு ஐந்நூத்தி நாப்பது" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி, அதே பட்டறையில் கிரேனில் குழாய் கட்டித் தூக்குகிறவன். விடிந்ததும் ஜிம்மில் எடை தூக்கிவிட்டு, அது போதாதென்று இங்கே வந்து தூக்குவான். அவன் சட்டைக் கைகளை வருஷா வருஷம் பிரித்துப் பெரிதாக்குவது அக்காவின் வேலை.

"அவ்வளவுதானா? உன் கையைப் பாத்து ஆயிரம் இருக்கும்னு நினைச்சேன்" என்றார் கிரைண்டர் பிடிப்பவர். "எனக்கே நானூறு இருக்கு, நான் மாடிப்படி தவிர எதையும் ஏறினதில்ல."

வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "எனக்கு என்னமோ ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு. பக்கத்துல செவப்பா ஒரு அம்பு. மேல பாத்து நிக்குது."

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

"காளைடா! இத்தனை நாளா நம்ம கூட ஒரு காளை வேலை செஞ்சிருக்கு!"

"மாமா, போனைக் குடுங்க. வேற யாரோட ரிசல்ட்டோ மாறி வந்திருக்கும்."

"பேரு, வயசு, எல்லாம் என்னோடதுதான் மாப்ள. வயிறெரியாத. உடம்புக்கு ஆகாது."

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் காளை. சாயங்காலத்துக்குள் கிடங்குக்காரர் வரை போய்விட்டது. மறுநாள் ஃபோர்மேனே "காளை, அந்த வளைவை முடிச்சியா?" என்று கேட்டார். வெல்டர் ரிப்போர்ட்டை அச்செடுத்து, நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மச்சினன் தேநீர் இடைவேளையில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று மட்டும் உளவு பார்த்து, ஒரு வாரம் தானும் பால் இல்லாத தேநீரும் காய்ந்த ரொட்டியுமாக இருந்து பார்த்தான். இளைத்ததுதான் மிச்சம்.

அந்தக் காளைக்குச் சில மாதங்களாகவே உடம்பு சரியில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டாள் சாப்பாடு சாப்பிட்டார்; சதை கரைந்துகொண்டே போனது. குளிர் நாளிலும் சட்டை தொப்பலாக நனைந்தது. மாடி ஏறி வந்தால் நெஞ்சுக்குள் யாரோ தகரம் தட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டது. தரையில் குந்தி வேலை பார்த்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. முன்பென்றால் பயந்திருப்பார். இப்போது கையில் எழுத்துபூர்வமான விளக்கம் இருந்தது.

"முறுக்கு ஜாஸ்தி. உடம்பு தாங்கல, வேர்த்துக் கொட்டுது" என்பார். முறுக்கைக் குறைக்க முட்டையைக்கூட நிறுத்தினார்.

மனைவியிடம் அந்த விளக்கம் செல்லவில்லை.

"ஏங்க, இந்தக் கால்சட்டையை மூணாவது தடவையா பிடிக்கிறேன்."

"இளைச்சா நல்லதுதானே. அதுக்குத்தானே உன் தம்பி ஜிம்முல போய் மூச்சு வாங்குறான்."

"இடுப்பு இளைக்குது, சரி. சட்டை ஏன் மாருகிட்ட மட்டும் இறுக்குது?"

அவர் சட்டென்று கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டார். "துவைச்சா சுருங்கும்."

"துவைச்சா மாரு மட்டும் சுருங்குற துணியை நான் பாத்ததே இல்ல. எந்தக் கடையில வாங்குனீங்க, சொல்லுங்க, நானும் நாலு மீட்டர் வாங்கி வைக்கிறேன்."

அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளாக அந்தத் தாழ்ப்பாள் அதிகம் வேலை செய்தது. இரண்டு மார்க்காம்புகளுக்கும் கீழே பக்கத்துக்கொரு வட்டமாக வீக்கம். சட்டை உரசினாலே வலித்தது. பட்டறையில் உடை மாற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காளை என்று கூப்பிடுகிற இடத்தில், மார்பு வீங்கிக்கொண்டு வருகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வருஷாந்திரத் தேர்வு வந்தது. குழாயைச் சாய்வாக நிறுத்திவைத்து, அதை அசைக்காமல், வெல்டர் மட்டும் வளைந்தும் குனிந்தும் சுற்றி வந்து ஒட்டவேண்டும். தேறினால்தான் அடுத்த வருஷத்துக்கும் முத்திரை. அவர் பலமுறை தேறிய தேர்வுதான். ஆனால் அன்று கீழ்ப் பாதியிலேயே ஊசி ஒரு தரம் குழம்பைத் தொட்டது. இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டது. கையைக் குழாயோடு அழுத்தி முட்டுக்கொடுத்தும், விரல்கள் தங்கள் இஷ்டத்துக்கு மெல்ல நடுங்கின.

ஃபோர்மேன் ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"காளை, இது உன்னோட ஃபிலிம்தானாய்யா?"

கறுப்புப் பட்டையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.

"டார்ச் சரியில்ல" என்றார் வெல்டர்.

"அதே டார்ச்சுலதான் அடுத்தவன் தேறியிருக்கான்." ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "விதியில இன்னொரு வாய்ப்பு இருக்கு. அடுத்த தேர்வு வர நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் கிரைண்டிங்ல இரு. அதுலயும் போச்சுன்னா நிரந்தரமா அங்கதான். என் கையில எதுவும் இல்ல. முத்திரையைக் குடு."

வெல்டர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டார்ச் எல்லாம் பழசாகிவிட்டது, புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, சரி என்றாள். அவள் கண் அவர் சட்டைப் பையில் நின்றது. முத்திரையின் கனத்தில் எப்போதும் ஒரு பக்கம் தொங்குகிற பை, அன்று தட்டையாக இருந்தது. மீதியை மறுநாள் தம்பி சொன்னான்.

அவள் கேட்டுவிட்டு, சண்டைக்குப் போகவில்லை. டாக்டரிடம் வாங்க என்று நேராகச் சொன்னால் அவர் வரமாட்டார் என்பது தெரியும். காளை டாக்டரிடம் போவதாவது. ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள். வழி, அந்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே படியேறி வந்தது, கண் கலங்க.

"அக்கா, என் கதை முடிஞ்சுதுக்கா." மச்சினன் நாற்காலியில் விழுந்தான். தோற்றுப்போன ரோஷத்தில் ஜிம்முக்குப் பக்கத்திலிருந்த வேறொரு கூடத்தில் ரகசியமாக மறுபடி ரத்தம் கொடுத்திருக்கிறான். "முன்னாடி ஐந்நூத்தி நாப்பது. இப்போ பதினெட்டு புள்ளி ஏழு! மூணே வாரத்துல அவ்வளவும் போயிடுச்சு!"

"எங்கடா போகும், பாக்கெட்ல ஓட்டையா?"

"சிரிக்காதக்கா. ஜிம்முல ஒருத்தர் ஊசி போட்டுக்கச் சொல்றாரு. உடனே ஏறிடுமாம்."

ஊசி என்றதும் அவள் முகம் மாறியது. மாறிய முகத்திலேயே ஒரு யோசனையும் வந்து உட்கார்ந்தது.

"எந்த ஊசியும் வேணாம். நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்ட போலாம். நானும் வரேன். மாமாவையும் கூட்டிட்டுப் போவோம்."

குளியலறையிலிருந்து வந்த வெல்டர், "நான் எதுக்கு?" என்றார்.

"நல்ல ரிப்போர்ட்டுன்னா எப்படி இருக்கும்னு டாக்டருக்குக் காட்டத்தான். உங்க பர்ஸ்ல இருக்கே, அதை எடுத்துக்குங்க. ஒப்பிட்டுப் பாக்க வசதியா இருக்கும்."

அவர் தலையைத் துவட்டியபடி கொஞ்சம் யோசித்தார். மறுக்க மனம் வரவில்லை. "பாவம், பையன் பயந்து போயிருக்கான். வரேன்" என்றார்.

டாக்டர் அந்த வட்டாரத்துக்கே பழகியவர். வளவளவென்று பேசமாட்டார், ஆனால் பேசுகிறவர்களை முடிக்க விடுவார். மச்சினனின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, ரெண்டும் ஒரே அளவுதான். அந்த லேப் ஒரு யூனிட்ல எழுதியிருக்கு, இந்த லேப் வேற யூனிட்ல எழுதியிருக்கு. நம்பருக்குப் பின்னாடி சின்னதா எழுதியிருக்கே, அதைப் படிக்கணும். உங்கக்கா துணியை இஞ்சில அளந்தா ஒரு நம்பர், சென்டிமீட்டர்ல அளந்தா வேற நம்பர். துணி அதே துணிதானே?"

"அப்போ எனக்கு எதுவும் குறையலையா?"

"இல்ல. ஊசின்னு யாராவது வந்தா ஓடிடுங்க. தேவையில்லாம வெளியிலேர்ந்து ஏத்தினா உடம்பு தன்னோட உற்பத்தியை நிறுத்திடும். நாளைக்குக் குழந்தை வேணும்னு நிக்கும்போது அழணும்."

மச்சினன் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு அங்குலம் வளர்ந்தான். வெல்டர் பர்ஸைத் திறந்து, தன் தாளைப் பிரித்து, பரிசு வாங்கப்போகிறவர் மாதிரி நீட்டினார்.

டாக்டர் தாளை வாங்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தார்.

"ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. விரலை விரிச்சு வைங்க. ம், அப்படியே." அவருடைய ரிப்போர்ட்டையே எடுத்து, விரித்த விரல்களின் மேல் பரப்பினார்.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதியிருந்த அந்தத் தாள், அவர் விரல்களின் மேல் படபடவென்று நடுங்கியது. அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. மச்சினன் வாயைத் திறந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"எத்தனை நாளா இப்படி?"

"வேலைக் களைப்பு டாக்டர். அதுவும் இல்லாம எனக்குக் கொஞ்சம் முறுக்கு..."

"ஏழு மாசமா" என்றாள் மனைவி. "இடுப்பு நாலு இஞ்ச் போயிருக்கு. தொடையில மூணு. நல்லா சாப்பிடுறாரு, தூங்குறதில்ல, வேர்த்து ஊத்துது. மாரு மட்டும் ஒரு இஞ்ச் கூடியிருக்கு. நான் கேட்டா துணி சுருங்கிடுச்சுன்னு சொல்றாரு."

"உனக்கு எப்படி? என்னை எப்போ அளந்த?"

"உங்க துணியை அளந்தேன். உங்களை மாதிரி அது பொய் சொல்லாது."

டாக்டர் மச்சினனை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு வெல்டரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அவர் பொத்தான்களைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு குழாயையே அறுத்து முடித்திருக்கலாம். மனைவி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லாததைக் கண்டு, அவருக்குத் தோள் கொஞ்சம் இறங்கியது. டாக்டர் மார்பைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், கழுத்தில் விரல்களை வைத்துத் தண்ணீர் விழுங்கச் சொன்னார், கண்களைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில மறுபடி ரத்தம் குடுங்க. இந்தத் தடவை நான் எழுதித் தரதைப் பாருங்க."

முடிவு வந்த அன்று வெல்டரும் மனைவியும் மறுபடி போனார்கள். டாக்டர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்களுக்குத் தைராய்டு கன்னாபின்னான்னு ஓடுது. கழுத்துல இருக்கிற சுரப்பி. நடுக்கம், வேர்வை, இளைப்பு, படபடப்பு, எல்லாம் அது பண்ற வேலை. மாத்திரை இருக்கு. சரியாகும்."

"அப்போ இந்த ஆயிரத்து நூறு?"

"அது மொத்தம். ரத்தத்துல இருக்கிற டெஸ்டோஸ்டிரோன் முழுக்க சும்மா திரியறதில்ல. பாதிக்குப் பாதி ஒரு புரதம் இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கும். அது உடம்புக்கு உதவாது. இன்னொரு பங்கை வேற ஒரு புரதம் லேசாப் பிடிச்சிருக்கும், தேவைப்பட்டா விட்டுடும். நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் யார் கையிலயும் மாட்டாம இருக்கும். அதைத்தான் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்னு தனியா அளக்கறோம். வேலை செய்யறது அதுவும், லேசாப் பிடிச்சிருக்கிறதும்தான்."

வெல்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க தைராய்டு அதிகமானதால, அந்த இறுக்கிப் பிடிக்கிற புரதம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. எல்லாத்தையும் வளைச்சுப் பிடிச்சுக்கிட்டதால மொத்தக் கணக்கு உசந்து தெரியுது. ஃப்ரீயா இருக்கிறது பாருங்க, கீழ் எல்லையை ஒட்டிக்கிட்டு நிக்குது. அதனால பெண் ஹார்மோன் கை ஓங்கித்தான் மாரும் வீங்கியிருக்கு."

வெல்டர் தாளைப் பார்த்தார். மேலே பார்க்கும் சிவப்பு அம்பு ஒன்று. அதற்கு நான்கு வரி கீழே, தரையோடு தரையாக ஓர் எண். பிறகு அவர் முகத்தில் ஏதோ சொடக்கென்று மாட்டிக்கொண்டது.

"சிலிண்டர்ல ரெண்டு மீட்டர் இருக்கும் டாக்டர்."

"எந்த சிலிண்டர்?"

"ஆர்கான் சிலிண்டர். ஒரு மீட்டர் உள்ள எவ்வளவு வாயு இருக்குன்னு காட்டும். இன்னொண்ணு டார்ச்சுக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னு காட்டும். புதுசா வரவன் முதல் மீட்டரைப் பாத்துட்டு, சிலிண்டர் நிறைய இருக்குன்னு ஆரம்பிச்சுடுவான். நடுவுல திருகு இறுகிப்போய் டார்ச்சுக்கு எதுவும் வராது. ஒட்டு பூரா பொத்தல் விழும். எத்தனை பேரை இதுக்காகத் திட்டியிருக்கேன்! நானே முதல் மீட்டரை அச்செடுத்துப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

"அதேதான்" என்றார் டாக்டர், மகிழ்ச்சியோடு. "இனிமே வரவங்களுக்கு நானும் இதையே சொல்றேன்."

"அப்போ நான் காளை இல்லையா?"

"காளைதான். கட்டிப் போட்டிருக்கு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அறையில் சிரிப்பு வருமென்று அவள் நினைத்து வரவில்லை.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கை நிக்குமா?"

"படபடப்புக்குக் குடுக்கிற மாத்திரையில கொஞ்சம் சீக்கிரமே அடங்கும். முழுசா நிக்கணும்னா தைராய்டு இறங்கணும். சில மாசம் ஆகும். மாத்திரையை விடாம எடுக்கணும், நான் சொல்றப்போல்லாம் ரத்தம் குடுக்கணும்."

"நாலு மாசத்துல ஒரு தேர்வு இருக்கு."

"முயற்சி பண்ணுவோம்" என்றார் டாக்டர். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் காலைகள் ஒரே மாதிரி தொடங்கின. சமையலறை மேஜையில் மாத்திரையை விழுங்கியதும் அவர் கைகளை நீட்டுவார். மனைவி அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்து விரல்கள் மேல் விரிப்பாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்ப்பார்கள்.

முதல் வாரங்களில் தாள் ஆடியது. "பேப்பர் ரொம்ப லேசு. அட்டையில வெச்சா ஆடாது" என்பார்.

"செங்கல் வெக்கட்டுமா? அதுவும் ஆடாது."

பகலில் கிரைண்டிங் பகுதியில் மற்றவர்கள் ஒட்டியதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவன் முத்திரைக்குப் பக்கத்தில் பளபளப்பு ஏற்றுகிற வேலை. கிரைண்டர் பிடிப்பவர் அவருக்கு நல்ல சக்கரமாகப் பொறுக்கிக் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை. மச்சினன் மட்டும் சாப்பாட்டு வேளையில் பழைய குழாய்த் துண்டுகளைக் கிரேனில் தூக்கிவந்து, சாய்வாக நிறுத்தி வைப்பான். வெல்டர் டார்ச்சைப் பற்றவைக்காமல், ஊசி முனை தொடாதபடி வெறுமனே சுற்றி வந்து பழகுவார்.

"மாமா, தொட்டுடுச்சு."

"தொடல."

"நான் குனிஞ்சு பாத்துட்டுதானே சொல்றேன்."

"நீ பதினெட்டுப் புள்ளி ஏழு. பேசாத."

மாதங்கள் நகர, மேஜையில் தாள் ஆடுவது ஒரு முனையோடு நின்றது. பிறகு அதுவும் ஓய்ந்தது. ஒருநாள் காலை மனைவி தாளை வைத்துவிட்டு, பாலை இறக்கி வைக்கப் போய்த் திரும்பி வந்தாள். அது வைத்தது வைத்தபடி கிடந்தது. அவள் தோசைக்கல்லில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள், பிறகு இன்னொன்று.

தேர்வுக்கு முந்தின வாரம் அவர் கால்சட்டையை மாட்ட முடியாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். "பிடிச்சுப் பிடிச்சுக் கெடுத்துட்ட. இப்போ புதுசுதான் வாங்கணும்."

"கழட்டுங்க." அவள் உட்கார்ந்து இடுப்புத் தையலைப் பிரித்தாள். உள்ளே துணி முழுதாக இருந்தது, மூன்று மடிப்பாக. ஒரு தடவைகூட அவள் கத்தரிக்கோல் போட்டிருக்கவில்லை.

"வெட்டலையா?"

"வெட்டினா திரும்பப் பிரிக்க முடியுமா?" என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

தேர்வு நாளில் குழாயைச் சாய்வாக மாட்டினார்கள். மச்சினன் கிரேனை விட்டு இறங்கி, வேலை இருக்கிற மாதிரி ஒரு சங்கிலியைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். வெல்டர் சிலிண்டரிடம் போனார். முதல் மீட்டரைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதைப் பார்த்தார், திருகைச் சரிசெய்தார், வாயு சீறுவதைக் கன்னத்தில் வாங்கிப் பார்த்தார். முகமூடி இறங்கியது.

கீழிருந்து தொடங்கினார். போன தடவை தொட்ட இடம் வந்தது. எஃகு உருகி, சாவித் துவாரம் போலச் சின்னதாக ஒரு கண் திறந்தது. ஊசி அதன்மேல் அரிசி உயரத்தில் நின்றது. கம்பியை ஊட்டினார்; கண் மூடியது. நகர்ந்தார், அடுத்த கண் திறந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, தோளைக் கொடுத்து, மேலே ஏறினார். ஒரு பக்கம் முடித்து, குந்தி, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து மறுபக்கம் போனார். மச்சினன் துடைத்துக்கொண்டிருந்த சங்கிலி கண்ணாடியாகிவிட்டது.

ஃபிலிம் வர ஒரு நாள் ஆனது. ஃபோர்மேன் விளக்குப் பலகையைப் போட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஃபிலிமின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனார், திருப்பி வந்தார். பிறகு பலகைக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

"நீயே பாத்துக்கோ."

கறுப்பு. முனை முதல் முனை வரை, ஒரு புள்ளி இல்லாமல்.

வெல்டர் நிமிர்ந்து கையை நீட்டினார். ஃபோர்மேன் கை குலுக்க வந்தார். "அது இருக்கட்டும், முத்திரையைக் குடு" என்றார் வெல்டர். ஃபோர்மேன் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தார். துருப் பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்தார்.

அன்று தேநீர் இடைவேளையில், "காளை, புது ரத்தத்துல எவ்வளவு?" என்று யாரோ கேட்டார்கள். டாக்டர் எடுத்த கடைசிப் பரிசோதனையின் முடிவு முந்தின நாள்தான் வந்திருந்தது.

வெல்டர் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றார். "ஐந்நூத்தி இருபது!"

"ஐயையோ, பாதிக்கு மேல போச்சே!"

"போகட்டும்யா. அதெல்லாம் கட்டிக் கிடந்த சரக்கு. ரெண்டாவது மீட்டர் என்ன காட்டுதுன்னு கேளு. நட்ட நடுவுல நிக்குது! புரியாதவங்க வாங்க, சிலிண்டர்கிட்ட வெச்சுச் சொல்லித் தரேன்."

"அப்போ ஐந்நூத்தி நாப்பது நான்தான் பெரிசு" என்றான் மச்சினன் மெல்ல. கூரை மறுபடி அதிர்ந்தது. ஒருமனதாகப் பட்டம் கைமாறியது. ஆனால் அவனை யாரும் காளை என்று கூப்பிடவில்லை. பழைய ஆளுக்கே அது பழகிவிட்டது.

இடைவேளை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கிரைண்டர் பிடிப்பவர் மட்டும் பின்தங்கினார். "அந்த டாக்டரம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். வெல்டரும் சும்மா சொல்கிற மாதிரி சொன்னார்.

வெல்டர் உடை மாற்றும் அறைக்குப் போய், நடுவில் நின்று, சுவருக்குத் திரும்பாமல் சட்டையைக் கழற்றினார். வீக்கம் முழுதாகப் போய்விடவில்லை. பாதிக்கு மேல் வற்றியிருந்தது. வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை நிதானமாக மாட்டினார்.

முதல் குழாயை மச்சினனே கிரேனில் கொண்டுவந்து இறக்கினான். மாலைக்குள் ஒட்டு முடிந்தது. வெல்டர் அது ஆறும்வரை காத்திருந்து, இடது கையில் முத்திரையை எடுத்து ஒட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஃகின் மேல் எஃகு, துளி அசைவில்லாமல் நின்றது. சுத்தியலை ஓங்கி ஒரே போடு போட்டார்.

சத்தம் பட்டறையின் அந்தக் கோடி வரை போனது. அங்கிருந்து கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒருவர் கத்தினார்: "காளை வந்துட்டான்யா!"